ஆலயத்துக்குள் வந்த உலகம்

புறக்கோட்டைச் சந்தடியை விட்டுக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக ஏறினால், மேட்டின்மேல் சிலுவை வடிவில், கனத்த சுவர்களோடு வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் அர்ப்பணித்த ஆலயம். அக்காலத்தில் கொழும்பில் ஒரு சுதேசிக்கு முதலியார் பதவியோ ஒல்லாந்தக் கம்பனியில் வேறு உத்தியோகமோ கிடைக்க வேண்டுமானால் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் வேண்டும். திருமணம் செல்லுபடியாக வேண்டுமானாலும், பிள்ளைக்குச் சொத்துரிமை சேர வேண்டுமானாலும் பாடசாலைத் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரே அந்தத் தோம்பை எழுதினார். பெயர் எழுதப்பட்டவர் வீட்டுக்குப் போய் எந்தத் தெய்வத்துக்கு விளக்கேற்றினார் என்பதை வாத்தியாரும் அறிவார், மேலிருந்த பாதிரியாரும் அறிவார்.

உலக ஆசைகளுக்கு மேலாக ஆன்மாவை மதிப்பது பற்றிப் பேசும் பிரசங்கங்களில் உலகம் எப்போதும் கோயில் மதிலுக்கு அப்பால்தான் நிற்கும். சாராயம், சூது, சினிமா, நகை, தவறான சிநேகிதம் என்று பட்டியல் நீளும். நம் ஊர் வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொழும்பில் கிறிஸ்தவர்களுக்கு வந்த பெரிய சோதனைகள் பெரும்பாலும் ஞானஸ்நானப் பத்திரத்தோடும், பள்ளிக்கூட அனுமதியோடும், பக்திக் கூட்டத்தோடும் வந்தவை. ஆன்மாவின் விலை என்ன என்ற கேள்வியைச் சந்தைக்கு முன்னால் திருச்சபையிடம் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நற்செய்தியே இதற்கு இடம் தருகிறது. உலகையே சம்பாதித்தாலும் ஆன்மா போய்விட்டால் மிஞ்சுவது என்ன என்று இயேசு கேட்பது மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்த ஒரு வசனத்தைத் தனியே எடுத்துப் பேசிப் பழகிவிட்டதால், சில வரிகளுக்கு முன் நடந்ததை நாம் மறந்துவிடுகிறோம். பேதுரு விசுவாச அறிக்கை செய்கிறார், திறவுகோல்கள் வாக்களிக்கப்படுகின்றன. அதே பேதுரு அடுத்த மூச்சில் பாடுகளின் பாதை வேண்டாம் என்று ஆண்டவரைத் தடுக்கிறார். சாத்தான் என்று கண்டிக்கப்படுகிறார். ஆன்மா பற்றிய கேள்வி அதற்குப் பிறகே எழுகிறது. ஏரோது அதைக் கேட்க வரவில்லை, வரி வசூலிப்பவனும் வரவில்லை. மிக நெருங்கிய சீடன் அன்பின் பெயரால் சொன்ன யோசனைக்கு அது பதில். வனாந்தரச் சோதனைகளிலும் ஒன்று தேவாலயத்தின் உச்சியில் நடக்கிறது. சோதிப்பவன் அங்கே சங்கீதப் புத்தகத்தை மேற்கோள் காட்டிப் பேசுகிறான்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களுக்கு இடங்கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. குருக்கள் இல்லாமல் ஏறக்குறைய ஒரு தலைமுறை போயிற்று. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அந்தச் சனங்களில் எத்தனை பேர் இன்னும் கத்தோலிக்கர் என்று யாருக்கும் தெரியாது. அவர் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு தெருத்தெருவாகப் பிச்சை கேட்டார் என்றும், அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார் என்றும் சொல்வார்கள். தோம்பில் புரட்டஸ்தாந்து, வீட்டுக்குள் கத்தோலிக்கம் என்று வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சில்லாலை அவருடைய தளமாயிற்று. 1689 நத்தார் இரவில் படைவீரர்கள் வீடு புகுந்து பெருந்தொகையானோரைக் கைதுசெய்தார்கள். சீர்திருத்தச் சபையை விட்டுத் திரும்பி வந்த ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது வீரர்களை மட்டும் எண்ணுவது எளிது. வரலாற்றில் பெரும்பான்மையோர் நடுவில் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பனிக் கோயிலுக்குப் போய்த் தலையைக் காட்டினார்கள், பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், இரவில் ஒளித்து வந்த குருவிடம் இன்னொருமுறை ஆசீர்வாதம் வாங்கினார்கள். சிங்களக் கிராமங்களிலும் சைவக் குடும்பங்களிலும் இதே இரட்டை வாழ்வு நடந்தது. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குக் காணி போகக்கூடாது என்று நினைத்த தகப்பனைக் குறை சொல்வதற்கு முன், காணியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே புத்தகத்தில் எழுதியவர்களைக் கேட்க வேண்டும். ஆன்மாவை விற்றவனைப் பற்றி மறையுரைகள் நிறையப் பேசியிருக்கின்றன. கடையை விரித்து வைத்தவனுக்கு அங்கே இடம் குறைவு.

தோம்புக் கிறிஸ்தவர் எல்லாரும் பொய்யர் என்றும் சொல்ல முடியாது. 1723இல் கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ சீர்திருத்தச் சபையின் போதகரானார். தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1759இல் கொழும்பில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் அவருடைய உழைப்பு இருக்கிறது. கத்தோலிக்கத்தை மறுத்து ‘சத்தியத்தின் செயம்’ எழுதியவரும் அவரே. மறுபுறத்தில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. இருவரும் ஆன்மாவைப் பற்றி மனமாரக் கவலைப்பட்டார்கள். ஒருவர் அரசின் நிழலில் நின்று எழுதினார், மற்றவர் அரசு தேடிய சபையில் இருந்துகொண்டு எழுதினார் என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு எழுத்தின் தரத்தைத் தீர்மானிக்கவில்லை. வாசகர்கள் எத்தனை நாள் நிலைத்தார்கள் என்பதை ஓரளவு தீர்மானித்தது.

கொழும்பு 1796இல் பிரித்தானியர் கைக்கு வந்தது. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றானவுடன் தோம்பில் இருந்த பெரும் திரள் கரைந்தது. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பார்த்த அங்கிலிக்கன் பாதிரியார் குளோடியஸ் புக்கானன் பாழடைந்து கிடந்த ஒல்லாந்த ஆலயங்களைக் கண்டு வருந்தி எழுதினார். குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவம் பற்றிய நூலில், உள்ளம் மாறாமல் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானங்களின் கதையை விரிவாகச் சொல்கிறார். ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கம் நிலைத்தது, ஊட்டி வளர்க்கப்பட்ட சீர்திருத்தச் சபை சுருங்கியது. துன்பம் எப்போதும் விசுவாசத்தை வளர்க்கும் என்று இதிலிருந்து ஒரு விதி செய்ய நான் விரும்பவில்லை. துன்பத்தால் அடியோடு அழிந்த சபைகளும் உலகில் உண்டு. சலுகை கொடுத்துச் சேர்த்த கூட்டம் சலுகை நின்றதும் போகும் என்பதற்கு மட்டும் இந்தத் தீவு நல்ல சான்று.

ஆனால் அந்தச் சான்றுக்கே எதிர்ச்சான்றும் பக்கத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் நீர்கொழும்பிலும் வாழும் பரதர் குடும்பங்களின் முன்னோர் முத்துக்குளித்துறையிலிருந்து வந்தவர்கள். 1530களில் அந்தக் கரையின் பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்கரானது முத்துக்குளிப்புப் போட்டியில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைத் தேடித்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது செபமும் தெரியாத கிறிஸ்தவர்களைத்தான் கண்டார். உலக ஆதாயத்துக்காகத் தொடங்கிய அந்த விசுவாசம் ஒல்லாந்தர் வந்து அதட்டியும் மாறவில்லை, இன்றுவரை நிற்கிறது. சவேரியாரைப் பாரிஸ் நகரத்துப் பட்டப்படிப்பின் பெருமையிலிருந்து திருப்பியது இதே மத்தேயு வசனத்தை இஞ்ஞாசியார் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் என்பது இயேசு சபையின் மரபுக்கதை. அந்த வசனத்தால் உலகை விட்ட ஒருவர், பாதுகாப்புக்காகச் சேர்ந்த மீனவரிடம் வந்து சேர்ந்தார். அவருடைய கடிதங்களில் கடுமையான கோபம் போர்த்துக்கேய அதிகாரிகளின் பேராசைமீதுதான் பாய்கிறது. நோக்கம் கலப்படமாய் இருந்த மீனவருக்குப் பொறுமையாகக் கற்பித்தவர், சிலுவையைச் சுமந்துகொண்டு கொள்ளையடித்தவர்களைப் பொறுக்கவில்லை. கலந்த நோக்கம் காலத்தால் தெளியக்கூடும். அதிகாரம் வைத்திருப்பவன் அந்தக் கலப்பைத் தன் லாபமாக்கும்போதுதான் அது அழுகுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பனித் தோம்பின் இடத்தை ஆங்கிலப் பள்ளிக்கூடம் பிடித்தது. ஆறுமுக நாவலர் இதைக் கிட்ட நின்று கண்டவர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவி, 1848இல் அந்த வேலையை விட்டார். சம்பளத்துக்கும் உத்தியோகத்துக்கும் மதம் மாறுகிறார்கள் என்பது அவருடைய ஓயாத குற்றச்சாட்டு. கிறிஸ்தவர்கள் சைவத்தைப் பற்றிச் சொன்ன பலவற்றுக்கு அவர் பதில் எழுதினார். ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்குக் கிறிஸ்தவர்களிடமிருந்து தக்க பதில் வந்ததாகத் தோன்றவில்லை. வேறு வழியில் பதில் வந்தது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் மூடியது. மாணவர்கள் ஆங்கிலம் கற்று அரசாங்க வேலைக்குப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்பது மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நாவலர் வெளியிலிருந்து சொன்னதை மிஷன் உள்ளிருந்து ஒப்புக்கொண்டது போலாயிற்று.

ஆன்மா என்று ஒன்று உண்டா என்பதே பொதுமேடையில் வாதமான தீவு இது. 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்த குணானந்த தேரரும் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் இரண்டு நாட்கள் வாதிட்டபோது, நிலையான ஆன்மாவைப் பௌத்தம் மறுப்பது முக்கியமான பொருளாயிற்று. சைவ அயலவருக்கு ஆன்மா உண்டு, அது பாசத்தில் கட்டுண்டு கிடக்கிறது. பௌத்த அயலவருக்கு அப்படியொன்று நிலையாக இல்லை, பற்றே துன்பத்தின் வேர். வெள்ளவத்தையில் மாடிக்கு ஒரு சமயமாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இந்த இரண்டு குரலும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கோட்பாட்டில் மூவருக்கும் உடன்பாடு கிடையாது. பற்று ஆளை விழுங்கும் என்பதில் மூவரும் ஒருமுகம். இந்த ஒற்றுமையைக் கிறிஸ்தவப் பிரசங்கிகள் பயன்படுத்திக்கொண்டது குறைவு.

அந்தக் குணானந்த தேரரின் விகாரை இருந்தது கொட்டாஞ்சேனையில்தான், புனித லூசியாள் பேராலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பொரளைப் பக்கமிருந்து விகாரைக்குக் காணிக்கைகளோடு ஒரு பெரஹரா வந்தது. அதில் கன்னி மரியாளை இழிவுபடுத்தும் உருவம் வருகிறது என்று வதந்தி கிளம்பியது. கோயில் மணிகள் அடித்தன. தடிகளோடு திரண்ட கத்தோலிக்கர் ஊர்வலத்தைத் தாக்கினார்கள். உயிர்ச்சேதமும் காயங்களும் நேர்ந்தன. சாட்சியம் போதாதென்று யாரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கேட்ட பௌத்தர்களின் முறையீடு அவர்களுக்குத் துணைநின்ற அமெரிக்கரான கேணல் ஒல்கொட் வழியாக இலண்டன்வரை போயிற்று. 1885இல் வெசாக் பொது விடுமுறையானது அதன் தொடர்ச்சி.

இந்த நாளைப் பற்றி நம் தமிழ்க் கத்தோலிக்க எழுத்துகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும். நாற்பது நாள் தபசு காத்து, பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை நடந்து, பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த கூட்டம் அது. சாராயக் கடையிலோ சூதாட்டத்திலோ அது விழவில்லை. தாயைப் பழித்தார்கள் என்ற வதந்தியைக் கேட்டு, பக்தியின் சூட்டில் விழுந்தது. ஆன்மாவைக் காக்கவே புறப்பட்டோம் என்று அன்று தடியெடுத்த ஒவ்வொருவனும் சொல்லியிருப்பான். உலக ஆசைகளில் மிகப் பெரியது பணமா என்று எனக்குச் சந்தேகமாய் இருப்பது 1883ஐ நினைக்கும்போதுதான். ‘நம்மவர்’ என்ற மயக்கம் பணத்தைவிடத் தந்திரமானது. அது பாவம்போலத் தெரிவதே இல்லை.

ஆன்மாவின் விலை என்ன என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் கொழும்பிலிருந்து இரண்டு விடைகள் பிறந்தன. ஒன்றையொன்று பார்க்காத விடைகள். முதலாவது, 1920களில் பாஸ்டர் பவுலும் அல்வின் டி அல்விஸும் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து இலங்கைக்கு வந்தவர் பவுல். முழுநேர ஊழியர் வேலையையும் சொத்தையும் குடும்ப வாழ்வையும் விட்டு, வெள்ளை உடுத்தி, சம்பளமில்லாமல் விசுவாச வீட்டில் கூட்டாக வாழ வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. நோய்க்கு மருந்தையும் தவிர்த்தார்கள். இங்கிருந்து தமிழ்நாடு போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஆங்கிலேயர் காலக் கொழும்பில், உத்தியோகமே கிறிஸ்தவனின் அடையாளமாக இருந்த சமூகத்தில், உத்தியோகத்தை விட்டவனே ஊழியன் என்று ஒரு சபை சொன்னது சிறிய காரியம் அல்ல. மருந்து வேண்டாம் என்ற போதனையை என்னால் ஏற்க முடியாது. உடலைப் படைத்தவரையே அது குறைத்து மதிப்பிடுகிறது. ஆனாலும் நாவலரின் குற்றச்சாட்டுக்குக் கிறிஸ்தவத் தரப்பிலிருந்து வாழ்க்கையாலேயே சொல்லப்பட்ட முதல் முழுமையான பதில் இவர்களுடையது என்று நினைக்கிறேன்.

மற்ற விடை கத்தோலிக்க இறையியலாளரிடமிருந்து வந்தது. அமலமரித் தியாகிகள் சபையின் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971இல் கொழும்பில் சமூக சமய நடுநிலையத்தைத் தொடங்கினார். தன் ஆன்மாவை மட்டும் பார்த்துக்கொண்டு, பூசைக்குப் போய் வந்து, தோட்டத் தொழிலாளியின் பட்டினியைக் காணாத பக்தியை அவர் கடுமையாகத் தாக்கினார். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைச் சபை விலக்கம் செய்தது; ஓராண்டில் அது நீக்கப்பட்டது. இயேசு சபையின் அலோசியஸ் பீரிஸ் அடிகளார் களனியில் 1974இல் துலான நிலையத்தை அமைத்துப் பௌத்தத்தோடு உரையாடினார். இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மிகவும் உதவுவது அவர் வகுத்த வேறுபாடு. தானே தேர்ந்த எளிமை ஒன்று, மேலிருந்து சுமத்தப்பட்ட வறுமை வேறொன்று. முன்னது ஆன்மாவை விடுவிக்கிறது. பின்னது மாமோனின் வேலை, அதை எதிர்த்தே தீர வேண்டும். துறவியும் ஏழையும் ஒரே தட்டில் சாப்பிட உட்காராதவரை ஆசியாவில் கிறிஸ்தவம் வேரூன்றாது என்பது அவர் சொல்லி வந்ததன் சாரம்.

இதைப் படித்தபின், கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளான வத்தைகளில் ஒற்றை அறையில் வாழும் துறைமுகத் தொழிலாளியிடம் போய் உலக ஆசையை விடு என்று பிரசங்கிப்பதில் ஏதோ கோணலாகப் படும். அவன் விடுவதற்கு என்ன இருக்கிறது? பாலசூரியவின் பள்ளியிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அநீதியான அமைப்பைப் பற்றி அங்கே தெளிவாகப் பேசினார்கள். அமைப்பு மாறிய பிறகும் மனிதனுக்குள் மிஞ்சும் பேராசையைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். விசுவாச வீட்டாருக்கு அந்தப் பேராசை நன்றாகத் தெரியும். அமைப்பு அவர்கள் கண்ணில் படவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்தவர்கள் சிலரே. மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் கல்விப் பணியை விட்டு ஊவாவில் புத்தளைக்கு அருகே பௌத்த விவசாயிகளிடையே குடிசையில் வாழ்ந்தார். யாரையும் மதம் மாற்ற முயலவில்லை. கலவரக் காலத்தில் ஆபத்து நெருங்குவது தெரிந்தும் இடத்தை விட்டுப் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் தேதி மாலை, திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெள்ளவத்தைக்கு வருவோம். 1983 ஜூலையில் காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அகதி முகாம்களிலிருந்து பலர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். எரித்தவர்களில் யார் எந்தச் சமயம் என்று எவரும் எண்ணவில்லை. ஆனால் சிங்களச் சபைகளுக்கு முன் ஒரு கேள்வி விழுந்தது: அயலவன் வீடு எரிகிறபோது கதவைச் சாத்திக்கொண்ட விசுவாசியின் ஆன்மா எந்த நிலையில் இருக்கிறது? குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அதைத் தன்மேல் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் மறைமாவட்டப் பேரவையில் ஆற்றிய உரையில், சிங்கள மக்களின் பெயரால் தமிழரிடம் மன்னிப்பு வேண்டுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அடுத்த மாதமே காலமானார். 1883இன் கூட்டத்தை வீழ்த்திய ‘நம்மவர்’ மயக்கத்துக்கு எதிராக ஒரு கிறிஸ்தவத் தலைவர் தன் இனத்தைப் பார்த்தே பேசியது நூறாண்டுக்குப் பிறகு. தமிழ்ச் சபைகள் தம் பக்கத்துக் கொலைகளைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசினவா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். என் விடை, போதாது என்பதே.

2019 ஏப்ரல் 21, மீண்டும் உயிர்த்த ஞாயிறு, மீண்டும் கொட்டாஞ்சேனை வட்டாரம். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். நீர்கொழும்பில் பதற்றம் எழுந்தபோது நேரில் போனார். கோயிலில் குண்டு வெடித்த இடத்திலேயே, தடியெடுக்காதே என்ற குரல் மேலிருந்து வந்தது.

இறந்தவர்களை மறைசாட்சிகள் என்று சொல்லலாமா? மரபுப்படி மறைசாட்சிக்கு முன் ஒரு தேர்வு வைக்கப்படும்: மறுதலி, அல்லது சாவு. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாளுக்கு மன்னாரில் இறந்தவர்கள் தம் புதிய விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். கொச்சிக்கடையில் யாரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. திருச்சபை இதைத் தெரிந்தேதான் நடந்துகொண்டிருக்கிறது. அன்று இறந்த 167 கத்தோலிக்கரை வத்திக்கான் ‘விசுவாசத்தின் சாட்சிகள்’ பட்டியலில் சேர்த்திருப்பதாக 2025 ஏப்ரலில் கர்தினால் அறிவித்தார். பெத்லகேமில் ஏரோதால் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு டிசம்பர் 28இல் திருநாள் வைத்திருக்கும் சபைக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. அந்தக் குழந்தைகளும் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆன்மாவின் மதிப்பைக் காட்ட ஒரு வீரச் செயல் வேண்டும் என்ற எண்ணம் இதனால் தளர்கிறது. அவர்கள் செய்ததெல்லாம் விடிய எழுந்து, பிள்ளைகளுக்குப் புது உடுப்புப் போட்டு, கோயிலுக்குப் போனது.

அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போனால் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்பதைக் காணலாம். கேட்கும் வரங்கள் உலகத்தைச் சேர்ந்தவை: விசா, வேலை, பிள்ளைக்குக் கல்யாணம், காணாமற்போன பொருள். அந்தத் திருத்தலத்தின் தோற்றக் கதையே அப்படித்தான். ஒல்லாந்தருக்கு ஒளித்து வியாபாரி வேடத்தில் திரிந்த அந்தோனியோ அடிகளாரிடம் மீனவர்கள், கடல் கரையை அரிக்கிறது, நிறுத்தித் தாரும் என்று கேட்டார்களாம். அவர் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது ஐதீகம். வடிகட்டிய பக்தியை விரும்புகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்து முகஞ்சுளிப்பதுண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. தினசரி அப்பத்தைக் கேட்கக் கற்றுத்தந்தவரிடம் விசாவைக் கேட்பது பாவமாக இருக்க முடியாது. கேட்டது கிடைப்பதற்காக யாரை ஏமாற்றவும் எதை மறைக்கவும் ஒருவன் தயாராக இருக்கிறான் என்பதிலேதான் சோதனை இருக்கிறது.

சோதனை விசுவாசமாகவே வேடம் பூண்டு வருவது செழிப்பு உபதேசத்தில். காணிக்கை போட்டால் பன்மடங்காகத் திரும்பும், கார் வருவது விசுவாசத்தின் அடையாளம், வறுமை விசுவாசக் குறைவு என்று சொல்லும் மேடைகள் கொழும்பில் இன்று குறைவில்லை. தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அதே செய்தி வருகிறது. ஏழைக்கு நம்பிக்கை கொடுக்கிறது என்று இதற்காக வாதாடுவோர் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு: தன்னை மதிக்காத ஊரில், நீ ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று ஒருவர் சொல்வது அவனை நிமிர்த்தும். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் வாரச் சம்பளத்தால் அரிசிகூட வாங்க முடியாமல் போனவனுக்கு, உன் விசுவாசம் குறைவு என்று அந்த உபதேசம் சொல்ல வேண்டியதாகிறது. அங்கே அது உடைகிறது.

பிரசங்கபீடம் பேசாத இடங்கள் வேறு. ஒன்று பள்ளிக்கூடம். கத்தோலிக்கப் பாடசாலையில் அனுமதி வேண்டுமானால் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும் என்பதால், பிள்ளை ஐந்து வயதை நெருங்கும்போது திடீரென்று ஞாயிறு தவறாத குடும்பங்களை எல்லாப் பங்குகளும் அறியும். கடிதம் எழுதும் குருவுக்கும் இது தர்மசங்கடம். மறுத்தால் பிள்ளையின் படிப்பு போகும், கொடுத்தால் கடிதம் வெறும் சீட்டாகும். இன்னொன்று சீதனம். வெள்ளவத்தையில் மாடிவீடுகள் உயர்ந்ததற்குப் பின்னால் வெளிநாட்டுக் காசு இருக்கிறது. அந்த வீடுகளில் பல கல்யாணப் பேச்சில் கைமாறுகின்றன. ஞாயிறு பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியில் சபையின் பெயர் முதல் வரியில் வரும், ‘தக்க சீதனம்’ அடுத்த வரியில் வரும். இரண்டுக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக விளம்பரம் கொடுத்தவருக்கும் தோன்றுவதில்லை, வாசிப்பவருக்கும் தோன்றுவதில்லை.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிக்கிறார்கள். தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் தெரிவிக்கும்படி சபையைக் கேட்கிறார்கள். அதற்கு முன்பு ஆயத்த வகுப்பு நடக்கிறது. அதில் செபம், பிள்ளைவளர்ப்பு, குடும்பச் செலவு எல்லாம் பேசுகிறார்கள். பெண் வீட்டார் மாடிவீட்டுக்காக யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார்கள், அண்ணன்மார் கனடாவிலும் இலண்டனிலும் எத்தனை வருடம் இரட்டை வேலை செய்து அதை அடைப்பார்கள் என்று அந்த வகுப்பில் ஒரு கேள்வி கேட்கலாம். எந்தத் திருச்சபைச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. கேட்டால் எத்தனை கல்யாணங்கள் வேறு கோயிலுக்குப் போய்விடும் என்பதைக் குருக்களும் போதகர்களும் நன்றாக அறிவார்கள்.